பொம்மைக்கென்று ஒரு பக்கம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட் ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். தீம், அதாவது தயாராகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு, விலைக்கு வாங்கியது. எல்லாம் பொருந்தியது, அவ்வப்போது செய்தி எழுதிப் போடும் பிளாக் பக்கம் மட்டும் அடம்பிடித்தது. அதில் எழுதியவர் பெயர், கருத்துப் பெட்டி என்று ஏதேதோ இருந்தன. எங்களுக்கு வேண்டியதோ ஒவ்வொரு முறை சூளை திறக்கும்போதும் வெளியே வந்த பொம்மைகளின் படமும் கூடவே நாலு வரியும்.

இதைச் சென்னை கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றார் முதலாளியின் மருமகன். எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷம் அதே யூனிட்டில் பொம்மைக்கு வண்ணம் பூசிவிட்டு, அப்புறம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள் நான். அந்தப் பக்கத்துக்கான டெம்ப்ளேட்டை நானே எழுதுகிறேன் என்று வீம்பாகச் சொன்னேன். முதலாளி ஒரு வாரம் கொடுத்தார்.

தீமின் கோப்புகளைத் தொடாமல் தனிக் கோப்பு போட்டு எழுதினேன். வரிசைக்கு மூன்று சதுரக் கட்டங்கள். சோதித்துப் பார்க்க வீட்டு டீ கப், சாஸர் படங்களை ஏற்றினேன். என் கண்ணே பட்டுவிடும் போல அவ்வளவு அழகு.

யூனிட்டில் முதலாளி முன்னால் நிஜப் படங்களை ஏற்றினேன். பொம்மைகள் உயரமானவை; சதுரக் கட்டம் படத்தின் மேல்பக்கத்தை வெட்டிவிட்டது. கிருஷ்ணர், செட்டியார், ராஜா, ராணி, ஒருவருக்கும் கழுத்துக்கு மேலே காணோம். மருமகன் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. மூளியான பொம்மையை யார் கண்ணிலும் படாமல் பின்பக்கம் கொண்டுபோய்ப் போடுவதுதான் அங்கே வழக்கம். நானோ அவற்றைக் கடை வாசலில் அடுக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. வெளியாள் செய்தால் சரி, ஏழு வருஷம் அங்கேயே கிடந்தவள் செய்யலாமா? வெட்கத்தில் காது சுட்டது.

எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து கட்டத்தின் உயரத்தை எடுத்துவிட்டேன். அகலத்துக்கு மட்டும் அளவு, உயரம் அந்தந்தப் படத்தின் இஷ்டம். எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் எல்லாத் தலைகளும் திரும்பி வந்துவிட்டன. வரிசை மேடும் பள்ளமுமாக இருக்கிறதே என்றார் மருமகன். முதலாளி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வண்ணம் பூசும் பெண்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேலையை விட்டுவிட்டுப் போனைச் சுற்றி நின்றார்கள்.

திரும்பி வந்தவர் மருமகனிடம் சொன்னார்:

"சென்னைக்காரங்க போன் பண்ணா, இந்த மாதிரி வேணும்னா நம்ம பொண்ணுகிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க மாப்ள."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் ஸ்ரீமுஷ்ணம் வரை நின்றுகொண்டே வந்தேன்.