அண்ணன் வைத்த பொட்டு

இந்த நெதர்லாந்தில் புது சைக்கிள் வாங்கினால்கூடச் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்க மாட்டார்கள். கடையிலிருந்து அப்படியே ஏறிப் போய்விடுகிறார்கள். எத்தனை வருஷமானாலும் எனக்கு அது பழகவில்லை.

போன தடவை மதுரைக்குப் போனபோது, அண்ணனின் பழைய ரேஸ் சைக்கிள் பிரேமை லக்கேஜில் கட்டிக்கொண்டு வந்தேன். இரும்பு பிரேம். செல்லூரில் தறி ஓட்டிய நாட்களில், வெள்ளிக்கிழமை விடிகாலையில் அண்ணன் அதில்தான் திருப்பரங்குன்றம் போவான். வேர்வையில் நனைந்த சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து எங்கள் எல்லோருக்கும் பூசிவிடுவான். "என் முட்டிதான்டா போச்சு, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ஓட விடு" என்று அவனேதான் கொடுத்தனுப்பினான்.

இங்கே பட்டறை வைத்திருக்கும் ஹென்க், பின்சக்கரம் மாட்டும் இடத்திலிருந்து முன்பக்கம் சுற்றி ஒரு நூல் கட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருந்தது, கோணல் இல்லை. அப்புறம் ஹேண்டில்பார் சொருகும் குழாயைத் தொட்டு முகம் சுளித்தார். சிவப்பாக ஏடு கட்டியிருந்தது.

"துரு" என்றார்.

"துரு இல்லை. அண்ணன்... சாமி..." என்றேன் என் அரைகுறை டச்சில்.

உடனே தொப்பியைக் கழற்றினார். "ஓட்டியவர் இறந்துவிட்டாரா?"

முருகா! அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கான் என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

சுரண்டினால், குங்குமத்துக்கு அடியில் நிஜமாகவே துரு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டியைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயுமுன் அதே இடத்தில் அண்ணன் சந்தனமும் குங்குமமும் வைப்பானே! விரிசல் விட்டிருந்தால் பிரேம் அவ்வளவுதான். முழுக்கப் பெயிண்டை உரித்தால்தான் தெரியும் என்றார் ஹென்க். எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, பொட்டு வச்ச எடத்துலயே அரிச்சிருக்குண்ணே."

"ஈரத்த வச்சா இரும்பு அரிக்கும். அதுக்குச் சாமி என்னடா செய்வாரு? உரிக்கச் சொல்லு."

அப்புறம், "ஓடுமாடா?" என்றான். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

உரித்தார். குழிதான், விரிசல் இல்லை. ஹென்க் நீலப் பெயிண்ட் அடித்து, சக்கரம் மாட்டி, "ஈரம் ஆகாது" என்று விரலை ஆட்டிக் கொடுத்தார்.

வாய்க்கால் ஓரம் ஏறுமுன் வண்டியின் நெற்றியை, அந்த ஹேண்டில்பார் குழாயைத் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பள்ளம், அண்ணன் விரல் அளவுக்கு. மதுரையில் அவன் கையில் குங்குமம் இருக்கிறது, வைக்க வண்டி இல்லை. ஈரமில்லாத வெறும் விரலை ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்து எடுத்துவிட்டு மிதித்தேன்.