வேண்டாம் என்று சொன்ன ஹெரால்டு

பழைய கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். வாங்கியிருக்கலாமே என்று ஏங்க எல்லோருக்கும் ஒரு வண்டி இருக்கிறது. கையில் பணம் இல்லை, நிறுத்த இடம் இல்லை என்று ஒரு காரணமும் இருக்கிறது. என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. அதைக் கேட்டவர்கள் என்னைப் பெரிய மனுஷன் என்றார்கள். பத்து வருஷம் அதை நானும் மறுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் டூல் ரூமில் இருந்தேன். நாங்கள் செய்கிற சாமான்களை அடைத்து அனுப்ப மரப்பெட்டிகள் பூந்தமல்லியிலிருந்து வரும். அங்கே மரக்கடை வைத்திருந்த ஒரு பாய்தான் போட்டுக் கொடுப்பார். ஐம்பது வயசு இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்கு வருவார், ஒரு ஹெரால்டில். இரண்டு கதவு வண்டி. மேலே வெள்ளை, கீழே வெளிர் நீலம். எங்கள் கேட்டுக்குள்ளே லாரிகள் முன்னும் பின்னுமாகத் திணறுகிற இடத்தில் அவர் ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்துவார். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமே மொத்தமாக முன்னால் சாயும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்க்கவே நாலு பேர் போய் நிற்போம். நான் கடைசியாகத்தான் திரும்பி வருவேன். அதை அவர் கவனித்திருக்கிறார்.

ஒரு நாள் அவரே கேட்டார். "இன்னா தம்பி, வண்டிய வாங்கிக்கிறீங்களா? கடைக்கு வேன் எடுத்துட்டேன். ஊட்ல ரெண்டு வண்டி நிறுத்த எடம் பத்தல."

என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு சம்பளம் வந்தது. அவளிடம் சொன்னபோது, "ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். ஆனால் அங்கே நான் ஓட்டியது பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை அவ்வப்போது மிதித்துக்கொண்டு வந்த ஓட்டம். தனியாக ஒரு வண்டியை நூறடி கூட நகர்த்தியதில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. பாயிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை ஓட்டிப் பார்க்கப் பூந்தமல்லி போனேன். பாயே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஹைரோட்டுக்கு வந்ததும், "நீங்க ஓட்டுங்க" என்றார். "போகப் போகப் பார்க்கலாம் பாய்" என்று நழுவினேன். அவர் ஓட்டிக்கொண்டே, பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பா மாதிரி, வண்டியின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ரெண்டே விஷயம் தம்பி. பிரேக்க ஒரு தபா மிதிச்சா உள்ள போயிடும், ரெண்டாவது தபா மிதிச்சாதான் புடிக்கும். அப்புறம், சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணிட்டீங்கன்னா அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆவாது. பழகிட்டா ஒண்ணும் இல்ல."

வேலப்பன்சாவடியைத் தாண்டியதும் பேச்சு நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் தெரியவில்லை. வண்டி ஓரமாகப் போய் ஒரு டீக்கடைக்கு எதிரே நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டை முதுகிலிருந்து காலர் வரை நனைந்திருந்தது. இடது கை நெஞ்சில் இருந்தது.

"காத்து வரல தம்பி," என்றார். "கை இழுக்குது."

இறங்கி ஓடி அந்தப் பக்கக் கதவைத் திறந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. ரோட்டில் கையைக் காட்டினேன். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு பஸ் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் வடிகட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பாயின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டிதான் ஓடிகினு கீதே! இன்னாத்துக்கு நிக்கிறே? ஏறி ஓட்டு நைனா!"

"எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. பாயை அப்படியே தூக்கிப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்தினார். நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். சீட்டில் அவருடைய வியர்வை ஈரமாக இருந்தது.

முதல் கியரில் வண்டி தவளை மாதிரி இரண்டு தடவை குதித்தது. இன்ஜின் அணையப்போகிற மாதிரி இருமியது. அணைந்தால் அரை மணி நேரம். அந்த எண்ணம் ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பாய் கண்ணைத் திறக்காமலே, "கிளச்ச மெதுவா விடு... மெதுவா..." என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுரவாயலில் ஒரு டாக்டர் போர்டு தெரிந்தது. இரண்டு தடவை மிதித்து நிறுத்தினேன். இன்ஜினை அணைக்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். டாக்டர் வெளியே வந்து ஜன்னல் வழியாகவே நாடியைப் பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார். "இங்கே ஒன்றும் செய்ய முடியாது. கீழ்ப்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்கேயும் நிக்காதீங்க" என்றார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். பாய்க்குக் காது கேட்கும் என்பதால் கேட்கவில்லை.

கோயம்பேடு வரை ரோடு விட்டுக் கொடுத்தது. மூன்றாவது கியரிலேயே போனேன். நாலாவது எங்கே விழும் என்று தேட எனக்குத் தைரியமில்லை. சூடு காட்டுகிற முள் ஏறிக்கொண்டே இருந்தது. பாய் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது முனகினார். அந்த முனகல் எனக்குப் பெரிய துணை. அமைந்தகரை வந்ததும் அது நின்றுவிட்டது.

அமைந்தகரை அன்றைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். குறுகலான ரோடு, மார்க்கெட், மாட்டுவண்டி, மீன்பாடி வண்டி, நடுவில் பஸ். "பாய்! பாய்!" என்று கத்திக்கொண்டே ஹாரனில் கையை வைத்தபடி போனேன். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த இடைவெளியில் காலை எடுத்து மறுபடி மிதித்தது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. பஸ் படிக்கட்டில் தொங்கிய ஒருவன் குனிந்து பார்த்து, "யோவ், ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்றான். அப்புறம் பாயைப் பார்த்திருக்க வேண்டும். குதித்து இறங்கி, எங்களுக்கு முன்னால் ஓடி, மாட்டுவண்டிகளை ஓரமாகத் தள்ளி வழி பண்ணினான். அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை. முதுகுதான் ஞாபகமிருக்கிறது.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்ததும் வண்டி தானாக அணைந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. பாயை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நான் கீழே இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

பாய் பிழைத்தார். அவருடைய வீட்டம்மா தன் தம்பியோடு வந்து சேர்ந்தபோது சாவியை அந்தத் தம்பி கையில் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். பயந்ததை மட்டும் சொல்லவில்லை. அன்று முதல் கண்ணை மூடினால் கால் தரை வரைக்கும் போவது திரும்பத் திரும்ப வந்தது.

மூன்று வாரம் கழித்துப் பாய் ஆள் அனுப்பினார். போனேன். மெலிந்து போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஹெரால்டு கழுவித் துடைத்து நின்றது.

"வண்டி உங்களுது தம்பி," என்றார். "வெலையப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. இன்னா முடியுதோ குடுங்க. இல்லாங்காட்டி சும்மா எடுத்துகினு போங்க. நீங்க ஓட்டறத நான் பாக்கணும்."

அவருடைய வீட்டம்மா உள்ளேயிருந்து சர்பத் கொண்டுவந்து வைத்தார். சாவி அந்தத் தட்டிலேயே இருந்தது.

"வேணாம் பாய்," என்றேன். "உங்க உயிரை வச்சு நான் வண்டி வாங்கின மாதிரி ஆயிடும்."

சொன்ன மாத்திரத்தில் எனக்கே அது அழகாகப் பட்டது. ஆனால் அவர் முகம் மாறியது. வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ராசியில்லாத வண்டின்னு நெனைக்கிறீங்களா தம்பி?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் என்பது. அதற்கு, எனக்கு ஓட்டத் தெரியாது, பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் உயிரைக் காப்பாற்றியவன் என்று தெருவே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன நாள் அது. நான் சர்பத்தைக் குடித்தேன். அவர் தட்டிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மனைவிக்குப் பெருமை. டூல் ரூமில் இந்தக் கதையை மற்றவர்கள் சொல்லக் கேட்டு நானும் தலையாட்டினேன். பாய் அதற்கப்புறம் எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. பெட்டிகள் வேனில் வந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவில்பதாகையில் ஒருவர் லேண்ட்மாஸ்டர் ஒன்றை விற்பதாகச் சொன்னார்கள். மனைவியோடு போனேன். கறுப்பு வண்டி, உள்ளே அழுக்குப்படாத சீட்டு. உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கை ஈரமாகிவிட்டது. "கலர் பிடிக்கல" என்று இறங்கிவிட்டேன். இன்று அந்த வண்டிக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லும்போது வயிறு எரிகிறது. அதற்கப்புறம் ஆவடியில் ஒரு பத்மினி கார். அதில் டயர் சரியில்லை என்றேன். திரும்பி வரும்போது மனைவி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "வண்டியில ஒரு குறையும் இல்ல. உங்களுக்குத்தான் ஏதோ இருக்கு. என்னன்னு சொல்லுங்க" என்றாள். அம்பத்தூர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் கோபப்படவில்லை. "பாய்கிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி போனேன். மரக்கடை இருந்தது. பாய் வெளியே பலகைகளின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நன்றாக நரைத்திருந்தது. அடையாளம் கண்டு எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். லைசென்ஸ் எடுத்தது, தனியாக ஓட்டாதது, அமைந்தகரையில் கால் தரைக்குப் போனது, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சர்பத் குடித்தது.

அவர் பிடித்த கையை விட்டுவிட்டார்.

"பத்து வருஷம் தம்பி," என்றார். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் அந்த வண்டிய விக்க எனக்கு மனசே இல்ல. என்னை உசுரோட கொண்டாந்த வண்டி. உங்களுக்குன்றதாலதான் குடுக்கறேன்னேன். நீங்க வாய மூடிகினு இருந்தீங்க. படிச்ச ஆளு, மிஷினு வேல தெரிஞ்ச ஆளு, அவரே ராசியில்லன்னு நெனச்சா சரியாத்தான் இருக்கும்னு நானும் நெனச்சிட்டேன். அப்புறம் அத வாசல்ல பாக்கவே புடிக்கல. அதே வாரம் புரோக்கர் கேட்டான், தள்ளிவிட்டுட்டேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "ராசியில்லாத வண்டி இல்ல பாய். நல்ல வண்டி" என்றேன். பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"எங்க கீதுன்னு தேடலாமா?" என்று அவர்தான் கேட்டார். புரோக்கர் பழைய நோட்டைப் புரட்டித் திருவள்ளூரில் ஒருவரைச் சொன்னார். திருவள்ளூர்க்காரர் சித்தூரில் ஒருவருக்கு விற்றிருந்தார். சித்தூருக்கு நான் கடிதம் எழுதினேன். அந்தக் காரின் பழைய சொந்தக்காரருக்கு அது திரும்ப வேண்டும், எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினேன். இரண்டு மாசம் பதில் இல்லை. பாய் வாரா வாரம் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்பார். கடைசியில் ஒரு கார்டு வந்தது. வண்டி இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் நின்றிருந்ததாகவும், வாங்க ஆள் இல்லாததால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தது.

போனில் சொல்ல மனம் வரவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். பாய் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. நானே படித்துக் காட்டினேன்.

"எப்ப ஒடச்சாங்களாம்?"

"ஆறு மாசம் ஆச்சாம் பாய்."

"ஆறு மாசம்," என்றார். கார்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மறுபடியும், "ஆறு மாசம்தானா?" என்றார்.

கடையில் யாரோ பலகைக்கு அளவு கேட்டு வந்தார்கள், பாய் எழுந்து போனார். மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் பாயிடம் வராமல் நான் கடத்திய காலம் இரண்டு வருஷம். அப்போதே வந்திருந்தால் வண்டி உடைபட்டிருக்காது. அந்த இரண்டு வருஷக் கணக்கு அவருக்குத் தெரியாது. அவர் திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தார். சொன்னேன்.