அழித்ததும் வரும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்கும் முந்தின நாள் மீன் குழம்புக்கும் நடுவில், மூன்று நாள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு நான்தான் வைத்தேன். பழுதான டிஸ்கைக் குளிர வைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும் என்று செல்போன் வீடியோவில் யாரோ ஒருவர் சொன்னார். நம்பினேன். முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான்.

"இன்னாங்க இது, சக்கரைக்கு ஊசி மருந்தா?" என்றாள் என் மனைவி.

"உங்க அப்பா போட்டோ" என்றேன்.

அவள் ஃப்ரிட்ஜையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பத்திரமா இருக்குது, பத்திரமா இருக்குதுன்னு சொன்னீங்களே, இதானா அந்தப் பத்திரம்?"

என் மாமனாருக்கு உலகத்தில் ஒரே ஒரு புகைப்படம்தான் இருந்தது. கேமராவைக் கண்டால் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவார். மகள் கல்யாணத்தில் மட்டும் தப்பிக்க முடியவில்லை. நானும் மனைவியும் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எங்களுக்குப் பின்னால் தோளில் துண்டோடு நின்றார். அந்தப் படம் எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருந்தது. ஆல்பத்தைக் கரையான் பிடித்தபோது, எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பிறகு கரையான் மற்றதற்கும் பரவிவிடும் என்று சொல்லி, ஆல்பங்களை எல்லாம் போகி அன்று தீயில் போட்டேன். சும்மா போடவில்லை. கரையானால் இனி நம் நினைவுகளைத் தொட முடியாது என்று சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு சிறு உரை ஆற்றிவிட்டுப் போட்டேன். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கைதட்டினான்.

அந்த மச்சான்தான் இப்போது உறுவையாறு கிராமத்தில், பழைய வீடு இருந்த அதே மனையில் புது வீடு கட்டி முடித்திருந்தான். குடிபோகும் நாளில் கூடத்தில் அப்பாவின் படம் மாட்ட வேண்டும் என்று ஆசை. "மாமா, அப்பா போட்டோதான் கம்ப்யூட்டர்ல இருக்குதே, அத பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்று போனில் சொன்னான். இன்றைக்கே அனுப்புகிறேன் என்றேன். நாலு வருடமாகத் துணி போட்டு மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. அடுப்படியிலிருந்து வந்த மனைவி சுவரை அண்ணாந்து பார்த்து, "பல்லி எந்தப் பக்கம் சொல்லுது?" என்று கேட்டாள்.

ஃப்ரிட்ஜ் வைத்தியமும் பலிக்கவில்லை. மச்சான் எங்கள் ஊர் கரியமாணிக்கத்துக்கே வண்டியில் வந்து, டிஸ்கோடு என்னையும் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் போனான். தேரடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. நடத்துவது நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி. பையைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா சார்?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"மீன் வாசன வருது."

டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டார். ஏதோ ஒயரில் மாட்டினார். அதே டக் டக். பிறகு மச்சானைப் பார்த்து, "இது இன்னும் ஒரு தடவதான் ஓடும்னு வெச்சுக்குங்க. முழுசா இன்னொரு டிஸ்குல காப்பி எடுத்துட்டு, அதுல தேடணும். ரெண்டு நாள் ஆவும்" என்றார்.

"வந்துருமாம்மா?" என்றான் மச்சான்.

"பாக்கலாம் சார். இதுல ஒரு நல்லது இன்னான்னா, எப்பவோ அழிச்ச ஃபைலுங்க கூட வந்துரும். மேல புதுசா எதுவும் எழுதலன்னா, அழிச்சது அழியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் டிஸ்கை என் பக்கம் நகர்த்தினேன்.

"போட்டோ மட்டும் எடுத்தா போதாதாம்மா? உங்களுக்கும் வீண் சிரமம்" என்றேன்.

"பிரிச்சு எடுக்க முடியாது சார். எடுத்தா எல்லாம், இல்லன்னா ஒண்ணும் இல்ல."

"எல்லாத்தையும் எடும்மா" என்றான் மச்சான். "மாமா எழுதுனதெல்லாம் அதுல இருக்கும். புக்கு போடுற அளவுக்கு எழுதுவாரு."

நான் எழுதியது என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடம் முன்பு மச்சானின் மகளுக்குக் காதணி விழா. பத்திரிகையில் என் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில். இல்லை. எனக்கு மேலே அச்சாகியிருந்த ஒருவருக்கு டிப்ளமாவைக்கூடப் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரு முற்றுப்புள்ளிதான். விழாவுக்குப் போய், வடை பாயசத்தோடு சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தாசில்தாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி அடித்தேன். மச்சான் மாட்டுக்கொட்டகைச் சுவரை வாய்க்கால் புறம்போக்கில் தள்ளிக் கட்டியிருந்தது எனக்குத் தெரியும். 'மேற்படி நபர் மேற்படி வாய்க்காலில் மூன்று அடி ஆக்கிரமித்து' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். கீழே, 'உண்மை விவசாயி'. நான் வாழ்க்கையில் ஒரு கத்திரிச் செடி நட்டதில்லை. உள்ளூரில் போட்டால் முத்திரையில் ஊர் தெரியும் என்று பஸ் பிடித்து பாகூர் வரை போய்த் தபாலில் போட்டேன். வந்ததும் ஃபைலை அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

ஆட்கள் வந்து வாய்க்காலை அளந்தார்கள். சுவர் இடிந்தது. நான் எழுதியது பொய்யில்லை என்று அப்போது ஒரு திருப்திகூட இருந்தது. ஆனால் மச்சான் யாரைச் சந்தேகப்படுவான் என்று நான் யோசிக்கவில்லை. அவன் பெரியப்பா மகனுக்குப் பக்கத்து வீடு. அதே சுவருக்காக முந்தின வாரம்தான் இருவரும் தெருவில் கத்தியிருந்தார்கள். அந்தப் பங்காளி, "நா எழுதலடா, சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்" என்று துடித்தார். ஒருவரும் நம்பவில்லை. சமாதானம் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். படித்தவன் அல்லவா. போனேன். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏதோ ஆத்திரத்தில் எழுதிவிட்டார், மன்னித்துவிடு மச்சான்" என்றேன். கடுதாசி எழுதியதைவிட இதுதான் பெரிய பாவம் என்று இன்று நினைக்கிறேன். நான் மன்னிக்கச் சொன்னதால்தான் அவர் குற்றவாளி என்று உறுதியாகிவிட்டது.

அன்று முதல் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. பங்காளியின் மகள் கல்யாணத்துக்கு மச்சான் வீட்டு வாசல் வரை பந்தல் போட்டார்கள். அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு திருப்பதி போய்விட்டான்.

மறுநாள் நான் கடைக்குப் போன் செய்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

"அறுவது சதவீதம் வந்திருக்கு சார்" என்றார் அந்தப் பெண்மணி. "நடுவுல ரொம்பத் தடங்குது."

"சிரமமாக இருந்தால் நிறுத்திவிடலாமேம்மா."

"நிறுத்துனா திரும்ப ஓடாது சார். உங்க மாமனார் படம் மீதி நாப்பதுல கூட இருக்கலாம். நிறுத்திடவா?"

அடுப்படியில் மனைவி, புது வீட்டில் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கிழக்குப் பார்த்து வேண்டும், அப்பாவுக்கு முகத்தில் வெயில் பட்டால் பிடிக்கும் என்றாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? நிறுத்தவா, ஓட்டவா?"

"ஓட்டும்மா" என்றேன்.

மூன்றாம் நாள் மச்சானும் நானும் திரைக்கு முன் உட்கார்ந்தோம். வந்த படங்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். ஆயிரக்கணக்கில் இருந்தன. என்னுடைய பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும் இருபது முப்பது வந்தது. ஒவ்வொன்றிலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். "மாமா தேர்தல்ல நின்னீங்களா?" என்றான் மச்சான். பள்ளி ஆண்டு விழா, கம்ப்யூட்டர் சீட்டாட்டத்தின் ராஜா ராணிகள், யாருடையதோ ஒரு நாய். மச்சான் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தான்.

"நில்லும்மா, நில்லு!"

மாமனார் வந்துவிட்டார். தோளில் துண்டு, பார்வை மட்டும் பக்கவாட்டில், மாடு கட்டியிருந்த திசையில். முகம் அவ்வளவு தெளிவு. அவர் மார்புக்குக் கீழே, அதாவது என் தலை தொடங்க வேண்டிய இடத்திலிருந்து, படம் முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

"அவ்ளோதான் சார் மீந்துச்சு" என்றார் கடைப் பெண்மணி.

மச்சான் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். "அப்பா வந்துட்டாரு மாமா. உங்களத்தான் காணோம்." அக்காவிடம் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அந்த அம்மா என் பக்கம் குனிந்தார். "சார், டாக்குமெண்டுங்க சரியா வந்திருக்கான்னு ரெண்டு மூணு தொறந்து பாப்போம், அது வழக்கம்." கொஞ்சம் தயங்கினார். "அந்த வாய்க்கா லெட்டர்..."

"அழித்துவிடும்மா."

"நீங்க ஏற்கெனவே அழிச்சதுதான சார் அது."

பென்டிரைவை என் கையில் கொடுத்தார். அதில் கடுதாசி இருந்தது. என் சட்டைப் பையில். நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

எதிரில் டீக்கடை. மச்சான் இரண்டு டீயும் பக்கோடாவும் சொன்னான். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். குடிபோகும் பத்திரிகை, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க.

"உங்க பேர் சரியா இருக்குதா பாருங்க மாமா."

தடித்த எழுத்தில் என் பெயர். எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில்., பிஎச்.டி.

"பிஎச்.டி. நான் முடிக்கவில்லையே" என்றேன்.

"இருக்கட்டும் மாமா, யாரு வந்து கேக்கப் போறா. காதுகுத்துக்கு அச்சாபீஸ்காரன் உங்க படிப்ப உட்டுட்டான். நா அன்னிக்கே போயி சண்ட போட்டேன். திருப்பி அடிக்க நேரமில்லன்னுட்டான். உங்ககிட்ட சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு."

தாளை மேலிருந்து கீழ் வரை படித்தேன். வரவேற்பவர்களில் பங்காளி பெயர் இல்லை.

"மச்சான், அந்த லெட்டர் நான்தான் எழுதினேன்."

"எந்த லெட்டரு?"

"வாய்க்கால் லெட்டர்."

பக்கோடா வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "இன்னாத்துக்கு?"

"பத்திரிகையில் படிப்பு போடவில்லை என்று."

பத்திரிகைத் தாளையும் என்னையும் பார்த்தான். "படிப்பு போடலன்னு... செவுத்த இடிச்சியா நீ?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் என்னை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. பக்கோடாவைத் தட்டில் போட்டான். "வண்டில ஏறு."

உறுவையாறு வரை எந்த வேகத்தடைக்கும் வேகம் குறைக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தினான். பங்காளி ட்யூபைப் பிடித்து மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் கழித்துத் தம்பி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் தண்ணீர் மாட்டை விட்டு அவர் வேட்டியில் பாய்ந்தது.

மச்சான் அவரைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துச் சொன்னான்: "வாத்தியாருக்கு ஏதோ சொல்லணுமாம்."

சொன்னேன். நின்றுகொண்டே, எதையும் விடாமல், பாகூர் பஸ் வரை சொன்னேன். மன்னிக்கச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்ததையும் சொன்னேன். பங்காளி போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"எத்தினி பக்கம்?"

"ஒன்றரை."

"படி."

"கையில் தாள் இல்லையே. பென்டிரைவில்தான்..."

"எழுதுனவனுக்கு ஞாபகம் இருக்காதா? பதினோரு வருசமா நாந்தான் எழுதுனேன்னு ஊரே சொல்லுது. எம் பொண்ணு கல்யாணத்துல என் தம்பி இல்ல. நா இன்னா எழுதுனேன்னு எனக்குத் தெரிய வேணாமா? சொல்லு வாத்தியாரே."

பென்டிரைவ் தேவைப்படவில்லை. சேற்றில் நின்று, 'மேற்படி நபர்' என்று தொடங்கினேன். ஒரு வார்த்தை தடங்கவில்லை. 'மூன்று அடி ஆக்கிரமித்து' என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"இன்னாது, மூணா? நாலரைக்கு மேல தள்ளிக் கட்டியிருந்தான்யா."

மச்சான் மாட்டிடமிருந்து திரும்பினான். "எவன் சொன்னது நாலரன்னு? ரெண்டே முக்காதான்."

"ரெண்டே முக்காவா? கண்ணு தெரியாதவன் கூட நாலுன்னு சொல்வான்டா."

"நீ அளந்தியா?"

"இடிச்ச செவுத்து அடிக்கல்லு இன்னும் அங்கதான் கெடக்குது, வாடா, அளக்கலாம். உங்க வூட்டுல கொத்தனார் டேப்பு இருக்குதில்ல?"

"இருக்குது. ஏன், இல்லன்னா உட்டுடுவியா?"

இருவரும் பின்பக்கம் போய்விட்டார்கள். கடுதாசியில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. மாடு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொல்லையிலிருந்து சத்தம் வந்தது. "ஒழுங்கா புடி, தொங்குது." "நா ஒழுங்காத்தான் புடிக்கிறேன், நீ இழுக்காத." "மூணே கால்!" "அங்க இல்லடா கல்லு, இங்க!" வேலியில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"வாத்தியாரே" என்று பங்காளி கூப்பிட்டார். "அங்க நின்னுகினு இன்னா பண்ற? வந்து டேப்போட இந்த முனையப் புடி."

செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினேன்.