கர்னலுக்கு ஒரு வக்காலத்து

வீட்டில் அவருக்குத் தளபதி என்று பெயர். பட்டம் கொடுத்தது மனைவி. மரியாதைக்காகக் கொடுத்தது என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஏழு வாரமாகச் சாப்பாட்டு மேசையை ஒரு போர்க்களம் பிடித்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டியிருக்கும்போது, அதற்குக் காரணமான ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது என்பது அவள் கட்சி.

தளபதிக்குப் பிழைப்பு பல் கட்டுவது. நாலைந்து டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, காய்ந்த மாதிரியின் மேல் பல் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் முப்பது வருடமாக வேலை. ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பல் கொடுத்திருக்கிறார்; அதில் ஒரு வாய்கூட அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் லேசில் வாயைத் திறக்கிறவர் இல்லை. சம்பந்திகள் பேசினால் தலையாட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் அரசியல் பேசினால் அதற்கும் தலையாட்டுவார், மறுநாள் அவரே கட்சி மாறிப் பேசினால் அதற்கும்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனிதருக்குச் சொந்த அபிப்பிராயம் இருந்தது. அது ஒரு கர்னலைப் பற்றியது. செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆன கர்னல்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு மருந்தையும் குண்டையும் குழாயின் வாய்வழியாகப் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும். கை தேர்ந்தவன் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். சுடும்போதெல்லாம் குப்பென்று வெள்ளைப் புகை. பத்து நிமிடம் இரண்டு பக்கமும் சுட்டால் பக்கத்தில் நிற்பவன் மூக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு போரில், படையின் இடது அணியில் குதிரைகளோடு நின்றார் இந்தக் கர்னல். சேனாதிபதி சிவப்புக் கொடி காட்டினால் பாய வேண்டும் என்று உத்தரவு. கொடி ஏறியது. கர்னல் பாயவில்லை. அரை மணி நேரம் நின்ற இடத்தில் நின்றார். போர் தோற்றது. அதற்குப் பிறகு வந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் அவரைக் கோழை என்று எழுதி வைத்துவிட்டன. தளபதி ஒருவர்தான் உலகத்தில், புகை மறைத்துவிட்டது, கொடி கர்னல் கண்ணில் படவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்னது யாரிடம் என்றால், ஞாயிறுதோறும் வரும் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாரிடம். வாத்தியார் முப்பத்தைந்து வருடம் அந்தப் போரை நடத்தியவர், அதாவது வகுப்பில். கர்னலின் முழங்கால் நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி பேசுவார். அடுத்த மாதம் ஊர் நூலகத்தில் அந்தப் போரைப் பற்றி அவர் பேச்சு இருந்தது. இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம்: போரை மேசைமேல், பொம்மை வீரர்களை வைத்து, பகடை உருட்டி, விதிப்படி நடத்திப் பார்ப்பது. கொடி ஏறும் நேரத்தில் கர்னல் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது என்று நிரூபணமானால், வாத்தியார் நூலகத்தில் கோழை என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்.

அதற்காகத்தான் இந்த ஏழு வாரம். நானூற்றுப் பன்னிரண்டு வீரர்கள், ஒவ்வொருவரும் கட்டைவிரலில் பாதி உயரம். பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டுகிற தூரிகையால் எல்லோருக்கும் பொத்தான் வைத்தாயிற்று. குன்றுகள் பல் கூடத்தில் மீந்த மாவில் வார்த்தவை. புகைக்கு, டாக்டர்கள் கன்னத்தில் சொருகுகிற பஞ்சுருளை. சுட்ட அணிக்கு முன்னால் ஒரு துண்டு பிய்த்து வைக்க வேண்டும். காற்று போகிற பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு அங்குலம் நகர்த்த வேண்டும். அன்று காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசியதாக அந்தப் படையில் முரசு அடித்த ஒருவன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. எதிரிப் படையை நடத்த மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். குதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இதுகளுக்கும் பல் செட் வைத்திருக்கிறீர்களா மாமா என்று கேட்டவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. வாத்தியார் பத்துக்கு வருவார். மனைவி காப்பியோடு மேசைப் பக்கம் வந்து, விரித்து வைத்திருந்த புத்தகத்தில் சேனாதிபதியின் அறிக்கையைச் சும்மா படித்தாள். பிறகு சேனாதிபதி பொம்மையின் பின்னால் போய் நின்று, அது பார்க்கிற திசையில் பார்த்து, இடது கையை நீட்டினாள். கை ஆற்றைக் காட்டியது. கர்னலும் குதிரைகளும் மேசையின் மறுகோடியில் நின்றார்கள்.

“என்னங்க, கர்னல் இடது பக்கம்தானே? அங்க என்ன பண்றார்?”

தளபதி பொறுமையாக விளக்கினார். நமக்கு வலது பக்கம் தெரிவதுதான் இடது. தாளில் அப்படித்தான் போடுவார்கள்.

“எந்தத் தாள்ல?”

“பல் சீட்டுல,” என்றார் தளபதி. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

டாக்டர்கள் அனுப்பும் பல் சீட்டில், நோயாளி எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிற மாதிரி வரைந்திருக்கும். அவர் வலது கடைவாய் தாளின் இடது ஓரம். இடது கடைவாய் வலது ஓரம். முப்பது வருடம் அதைப் பார்த்த கண். ஆறும் குன்றும் வரைபடத்தைப் பார்த்துச் செய்ததால் அதனதன் இடத்தில் இருந்தன. ஆட்களைத்தான் அறிக்கையைப் படித்து நிறுத்தினார். சேனாதிபதியை எதிரே உட்காரவைத்து ஆ காட்டச் சொல்லிவிட்டார். இரண்டு படையுமே இடம் வலமாக மாறி நின்றன.

“நாள் பூரா லெஃப்ட்ல திருப்புங்க, லெஃப்ட்ல திருப்புங்கன்னு தொண்டை வத்தற பொழப்பு என்னோடது,” என்றாள் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். “என் பேர் மறந்தாலும் இது மறக்காது.”

தளபதி ஒரு பஞ்சை எடுத்தார். கர்னலை மனசுக்குள் ஆற்றோரம் கொண்டுபோய் நிறுத்தினார். காற்று ஆற்றிலிருந்து அடிக்கிறது. புகை முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடும். கர்னலுக்கும் கொடிக்கும் நடுவில் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். இப்போது நிற்கிற தப்பான இடத்தில் நின்றாலோ பஞ்சு மூட்டைக்குள் கிடப்பார், நிரபராதியாக. ஏழு வார வக்காலத்தும் அந்தத் தப்பின் மேல்தான் நின்றது.

சீக்கிரமே வந்துவிட்ட மைத்துனனுக்கு விஷயத்தைக் கேட்டதும் தயக்கமே இல்லை. வாத்தியார் மூன்று ஞாயிறு இந்த மேசையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு தொப்பி இறகின் நிறம் சரியில்லை என்று மட்டும் குற்றம் கண்டுபிடித்தவர். “அவருக்கே தெரியலை மாமா. நீங்க எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கறீங்க?”

மனைவி எந்தப் பக்கமும் பேசவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு என்று காப்பித் தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

தளபதி நாற்காலியில் உட்கார்ந்து பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாவிட்டால் கர்னல் தப்பித்துவிடுவார். இருநூறு வருடத்துக்குப் பிறகு ஒரு நூலகத்திலாவது மானத்தோடு பேசப்படுவார். ஆனால் இடம் மாறிச் செய்த பல் வரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும் தளபதி அதை உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அது எந்த வாயிலும் உட்காராது. கர்னலின் வாயில் மட்டும் அதை எப்படித் திணிப்பது?

பத்து மணிக்கு வாத்தியார் செருப்பைக் கழற்றுவதற்குள் தளபதி சொல்லிவிட்டார்.

வாத்தியார் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு, தான் மூன்று தடவை பார்த்தும் கவனிக்கவில்லை என்பது உறைக்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். அப்புறம் ஏன் சார் சொல்லவில்லை என்று மைத்துனன் கேட்டதற்கு, தளபதியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தாராம். யாரும் நம்பவில்லை. யாரும் காட்டிக்கொள்ளவும் இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பேரை இடம் மாற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. போர் தொடங்கியது. நான்காவது சுற்றில் சிவப்புக் கொடி ஏறியது. தளபதி கர்னலின் தொப்பியிலிருந்து கொடி வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நூலில் ஒரு பிசிறு பஞ்சுகூடப் படவில்லை.

“தெரியுது சார்,” என்றார். “கர்னலுக்குக் கொடி நல்லாவே தெரிஞ்சிருக்கு.”

ஜெயித்த மனிதருக்குத் தாராளம் தானாக வரும். இனிமேல் கர்னல் படையைத் தானே நடத்துவதாகவும், ஆண்பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும் என்று காட்டுவதாகவும் சொல்லி வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். விதி சுலபம். ஒரு சுற்று என்பது போரில் பத்து நிமிடம். யோசிக்க மூன்று நிமிடம். அதற்குள் நகர்த்தாவிட்டால் அந்தச் சுற்று போச்சு. மனைவி செல்போனில் நேரம் பார்த்தாள். குதிரைகளுக்கு எதிரே ஒரு சின்னக் காடு. அதற்குள் எதிரி எத்தனை பேர் என்பதற்குப் புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு கணக்கு. அதனால் மைத்துனன் தம்ளருக்குள் பகடையைக் குலுக்கி, வந்ததைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்தான்.

வாத்தியார் குதிரைகளின் மேல் கையை வைத்தார். எடுத்தார். அளவு நாடாவால் ஆற்றோரச் சேற்றை அளந்தார். சேற்றில் குதிரை பாதி வேகம்தான்.

“காட்டுக்குள்ள எத்தனை பேர்?”

“போய்ப் பாருங்க சார்,” என்றான் மைத்துனன்.

வாத்தியார் குனிந்து, கர்னலின் கண் மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து காட்டைப் பார்த்தார். அவசரப்பட்டால் அத்தனை குதிரையும் போய்விடும் என்று முணுமுணுத்தார். முதல் மூன்று நிமிடம் போயிற்று. அடுத்த சுற்றில் காட்டைச் சுற்றிக்கொண்டு போகலாமா என்று அளந்தார், அதுவும் போயிற்று. இதற்குள் நடுப்படையை மைத்துனன் பகடை பகடையாக உருட்டி அரித்துக்கொண்டிருந்தான்.

“மூணாவது சுத்தும் முடிஞ்சுது சார்,” என்றாள் மனைவி.

தளபதி கொஞ்சம் தயங்கினார். “கர்னலும் அரை மணி நேரம்தான் சார் நின்னார்.”

வாத்தியார் கை குதிரைகளின் மேலேயே இருந்தது. கடைசியில் சீட்டைக் காட்டச் சொன்னார். மைத்துனன் திருப்பிக் காட்டினான். காட்டுக்குள் ஆறே பேர்.

“அவருக்கும் இது தெரியாது, இல்ல?” என்று கேட்டார் வாத்தியார்.

“தெரியாது சார்.”

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கோழைங்கறதை எடுத்துடறேன். யோசிச்சார்னு சொல்லிக்கலாம்.”

“ரொம்ப யோசிச்சார்னு சொல்லுங்க சார்,” என்றான் மைத்துனன்.

ரொம்ப என்பதெல்லாம் வேண்டாம் என்றார் தளபதி. போட்டால்தான் சரியாக இருக்கும் என்றார் வாத்தியார். தளபதி எழுந்து நின்று, கையை நீட்டி, எதிராளியை முடிக்கவிடாமல், குதிரைக்கும் சேற்றுக்கும் கணக்குச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். கல்யாணம் ஆன இருபத்தாறு வருடத்தில் அவர் இத்தனை பேசி மனைவி கேட்டதில்லை. செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.