இனி வரமாட்டார்

நாகமலை புதுக்கோட்டை போகும் பேருந்தில் என் பக்கத்தில் அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். கறுப்பு புர்கா, கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, உள்ளங்கை வியர்வையில் நனைந்த போன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் தன் அப்பாவை அழைத்தாள். “அத்தா, கடைக்குப் போனீங்களா?” என்ற ஒரே கேள்விதான்.

பொறுக்க முடியாமல், “என்னம்மா விஷயம்?” என்றேன்.

இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பாம். யார் என்ன வாங்குகிறார்கள் என்று கணினியில் ஆராய்வார்களாம். ஒரு கடையில் போன் நம்பர்வாரியாகச் சேர்ந்த விற்பனை விவரத்தை, பெயரையும் நம்பரையும் நீக்கி வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள். இனி கடைக்கு வராமல் போகப்போவது யார் என்று கணிக்க வேண்டும்.

“கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்ல மொதல்ல வந்த ஆளு, வெள்ளிக்கிழமை தவறாம சீனி இல்லாத பிஸ்கட்டும் பூனைத் தீனியும் ஒத்த பிளேடும் வாங்குறவரு, அக்கா. எங்க அத்தாதான். இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“வேற கடைக்கு மாறுவாரா இருக்கும்மா.”

“இருக்கலாம்க்கா. வரமாட்டாருன்னு மட்டுந்தான் அது சொல்லும். ஏன்னு சொல்லாது.”

மறுபடி அழைத்தாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

“ஒரு மாதிரியா இருக்கும்மா. நாளைக்குப் போறேன்.”

அவள் இறங்க வேண்டிய பல்கலைக்கழகம் இன்னும் வரவில்லை. அவள் கண்டக்டரிடம் கெஞ்சி நடுவழியில் இறங்கி, ஊருக்குள் திரும்பும் பேருந்தைப் பிடிக்கச் சாலையின் குறுக்கே ஓடினாள்.

அவர் என்ன ஆனாரோ, தெரியாது. நேற்று கடையில் பில் போடும் பெண் வழக்கம்போல என் போன் நம்பரைக் கேட்டாள். “நம்பர் வேணாம்மா, சும்மா பில் போடுங்க” என்றேன்.