மாமி கண்ட முடி

என் கணவருக்கு உச்சந்தலையில் முடி கொட்டுகிறது. பரம்பரைதான் என்றார் வெள்ளவத்தையில் நாங்கள் பார்க்கும் தோல் டொக்டர். பூசுவதற்கு லோஷன் எழுதித் தந்து, பலன் தெரிய மாதக்கணக்காகும், மாதமொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்.

இன்று காலை கணவரை ஜன்னலோரம் இருத்தி, உச்சந்தலை மட்டும் தெரிய நாலாவது மாதப் படத்தை எடுத்தேன். அவருக்கு அனுப்பப் போய், குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

அழிப்பதற்குள் கனடாவிலிருக்கும் அவருடைய மாமி எழுதிவிட்டார்: "என்ர குஞ்சு. முப்பத்தொண்டுக்கு மொட்டை அடிச்ச தலையில எவ்வளவு வடிவா முடி முளைக்குது."

பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மொட்டை அடித்த எங்கள் மகளுக்கு இப்போது மூன்று மாதம்.

"அது உங்கட தலை எண்டு மாமிக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

அவர் போனை வாங்கி மாமி எழுதியதை இரண்டு தரம் வாசித்தார்.

"வேண்டாம். நாலு மாசமா லோஷன் பூசுறன். முளைக்குது எண்டு சொன்ன முதல் ஆள் அவதான்."

மாமி அடுத்த மாதமும் படம் கேட்டிருக்கிறார். அவர் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் கேட்கிறேன்: எந்தத் தலையை அனுப்புவது?