பீரோவுக்குள் ஒரு ஆர்மோனியம்

அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் என்றால், பாட்டைத் தவிர மற்ற எல்லாம் செய்கிறவள் என்று அர்த்தம். பகுதி நேரமாக ஓவியமும் தையலும் சொல்லித்தரும் என் கூட்டாளிகளே, உங்களுக்கு இது புதுசில்லை. வாரத்தில் மூன்று அரை நாள், மூக்கண்டப்பள்ளிப் பக்கம் எனக்கு வேலை.

ஸ்டாக்கில் இருக்கு

சேர்ந்த அன்றே தலைமையாசிரியரிடம் ஆர்மோனியம் கேட்டேன். பீரோவைத் திறந்து காட்டினார். புத்தம் புதுசு, பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆசையாகக் கையை நீட்டினேன், மனுஷன் பீரோவைப் பூட்டிவிட்டார்.

"ரிஜிஸ்டர்ல ஏறின பொருள் டீச்சர். ஒரு கட்டை உடைஞ்சா ஆடிட்ல யார் பதில் சொல்றது? வாசிக்காம இருந்தா அது பாட்டுக்கு நல்லா இருக்கும்."

சைக்கிள் ஸ்டாண்டு சங்கீதம்

ஒன்பதாம் வகுப்பில் நாகவேணி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பாட வாயைத் திறந்தால் அப்படியொரு தமிழ். மாவட்டப் போட்டிக்கு அவளைத் தயார் செய்ய எனக்கு இருந்ததே வாரம் ஒரு பீரியடு. அதையும் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு சார் பிடுங்கிக்கொண்டார். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

மதிய இடைவேளையில் அவளை சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. அங்கே நாள் முழுக்க ஒரே குரலில் இரையும் கம்ப்ரசர்தான் எங்களுக்குச் சுருதிப்பெட்டி. ஒருநாள் அதுவும் நின்றுபோனது. நாகவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னிக்கு கம்பெனி லீவு டீச்சர். சுருதிக்கு எங்க போறது?"

போட்டோவுக்கு வந்த பெட்டி

கிருஷ்ணகிரியில் போட்டி. மேடையில் அவள் திருதிருவென்று விழித்தாள். அங்கே ஏது கம்ப்ரசர்? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் வெட்கத்தை விட்டு அதே மாதிரி "ம்ம்ம்" என்று இரைந்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். முதல் பரிசு! நான் அழுதே விட்டேன்.

மறுநாள் பிரேயரில் ஆர்மோனியம் பீரோவை விட்டு வெளியே வந்தது. அதன் பக்கத்தில் நாகவேணியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஆசையாக ஒரு கட்டையை அமுக்கப் போனவளைத் தடுத்து, பெட்டியைத் திரும்பப் பூட்டினார்கள். தலைமையாசிரியர் பெருமை பொங்க என்னிடம் சொன்னார்.

"பெட்டியும் இல்லாம, பீரியடும் இல்லாமலே ஜெயிச்சுட்டீங்களே! பாட்டுக்கு இனிமே எதுவும் தேவையில்லைன்னு ஆபீசுக்கு எழுதிட்டேன் டீச்சர்."

தோற்றிருந்தால் பாட்டு எதற்கு என்றிருப்பார்கள், ஜெயித்ததால் டீச்சர் எதற்கு என்கிறார்கள், அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.